அம்புக்குறியைப் பாருங்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் வேலை தொடங்க வந்திருக்கிறீர்கள். நிதி தருவோர் கேட்கும் தர்க்க மாதிரியை எப்படி நிரப்புவது என்று கேட்டீர்கள். உள்ளீடு, செயற்பாடு, வெளியீடு, பெறுபேறு, தாக்கம் என ஐந்து பெட்டி; நடுவே அம்புக்குறி. இதன் உறவுக்காரனான தர்க்கச் சட்டகம் 1969-இல் அமெரிக்காவின் யுஎஸ்எயிட்டுக்காக உருவானது. தர்க்க மாதிரி நமக்கு உதவ வேண்டுமானால் சில விடயங்களை மறக்காதீர்கள். ஒரு மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

1. கடைசியிலிருந்து தொடங்குங்கள். 2016 மே 17 அன்று களுபஹனத் தோட்டத்தில் மழையால் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அப்படியொரு மழை இனி வந்தால் என்ன நடந்திருக்க வேண்டும்? "ஆபத்தான லயத்துக் குடும்பங்கள் சரிவுக்கு முன்பே வெளியேறியிருக்கும்." இதை முதலில் எழுதுங்கள். பயிற்சியும் பதாகையும் பிறகு.

2. வெளியீடு வேறு, பெறுபேறு வேறு. மழைமானி கொடுத்தது வெளியீடு. அதைப் பார்த்து ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால்தான் பெறுபேறு. என் முதல் அறிக்கையில் பயிற்சிக்கு வந்தவர்களின் கையொப்பத் தாளைப் பெருமையோடு இணைத்தேன். அடுத்த அடைமழையில் ஒரு குடும்பமும் நகரவில்லை.

3. பெட்டியைவிட அம்புக்குறியில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒவ்வோர் அம்பும் ஓர் எடுகோள். "எச்சரிக்கை கிடைத்தால் போவார்கள்" என்கிறது அம்பு. எங்கே போவார்கள்? நடுச்சாமத்தில் கதவைத் தட்டுவது யார்? ஆடு, கோழியை யார் பார்ப்பது? காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடாதா? செய்தி சிங்களத்தில் மட்டும் வந்தால்? பதில் இல்லாத கேள்வி ஒவ்வொன்றும் நீங்கள் விட்டுவிட்ட ஒரு செயற்பாடு.

4. குறிகாட்டியை எண்ணக்கூடியதாக வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் தயார்நிலை. 150 என்றால் வெளியேற்றம். "விழிப்புணர்வு அதிகரித்தது" என்று எழுதாதீர்கள். 150-ஐத் தொட்ட இரவில் எத்தனை குடும்பம் பாதுகாப்பான இடத்தில் இருந்தது என்று எண்ணுங்கள்.

5. மழை பெய்யாத வருடத்தை உங்கள் வெற்றியாகக் காட்டாதீர்கள். யாரும் சாகவில்லை என்பதற்கு வானமும் காரணமாக இருக்கலாம். ஒத்திகை வைத்துப் பாருங்கள், அதுவும் இரவில்.

6. தர்க்க மாதிரி அட்டவணையைத் தோட்டத்தில் உட்கார்ந்து போடுங்கள். கொழுந்து எடுப்பவர், பால் வெட்டுபவர், பிள்ளைக்காம்பரா ஆயா எல்லோரையும் கேளுங்கள். கங்காணி இருக்கும்போது பேசாத பெண்களைத் தனியே சந்தியுங்கள். சுவரில் புது வெடிப்பு, ஊற்றில் கலங்கல் நீர் என்று முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

7. உங்களால் முடியாததைத் தாக்கப் பெட்டியில் எழுதாதீர்கள். எச்சரிக்கை உயிரைக் காக்கலாம். சரிவின் கீழ் நிற்கும் லயத்தை அது நகர்த்தாது. பாதுகாப்பான காணியில் வீடு கொடுப்பது அரசாங்கத்தின், கம்பெனியின் கடமை. அதை நம் திட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் அவர்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

கணினியைத் திறக்குமுன் ஒரு லயத்துக்குப் போங்கள். "மழை ராத்திரியில் எங்கே போவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து உங்கள் அட்டவணையைத் தொடங்குங்கள்.