சட்டசபை தேர்ந்த கவர்னர்

கேள்வி: அமெரிக்க ராஜ்யங்களில் ஜனங்கள் வாக்களித்த பிறகும் கவர்னரைச் சட்டசபையே தேர்ந்தெடுத்தது உண்டாமே?

பதில்: உண்டு. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவரே கவர்னராகலாம் என்று விதித்த மாஸசூஸெட்ஸின் 1780-ஆம் வருஷத்து அரசியல் சாசனம், எவரும் அவ்வாறு பெறாதபோது, அதிக வாக்குகள் பெற்ற நால்வரில் இருவரைக் கீழ்ச்சபை சீட்டெழுதிப் பொறுக்கி அனுப்ப, அவ்விருவரில் ஒருவரை மேல்சபை தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. பெரும்பாலோரின் சம்மதமில்லாதவன் ஆளலாகாது என்ற அந்த நோக்கம் உத்தமமானதே. ஆயினும் நடைமுறையில் அது பேரத்துக்கு வாசலைத் திறந்தது.

1850-ஆம் வருஷத் தேர்தலில் விக் கட்சியின் ஜார்ஜ் பிரிக்ஸ் முதலிடம் பெற்றும் பாதியை எட்டாமற் போகவே, அடிமை முறை பரவுவதை எதிர்த்த சுதந்திர நிலக் கட்சியாரும் ஜனநாயகக் கட்சியாரும் சபையில் ஒன்று கூடி, இரண்டாவதாக வந்த ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் பௌட்வெலை 1851 ஜனவரியில் கவர்னராக்கினார்கள். இதற்குப் பிரதியாக சுதந்திர நிலக் கட்சியின் சார்ல்ஸ் ஸம்னரை அமெரிக்க ஸெனட்டுக்கு அனுப்புவதென்று ஏற்பாடு. ஜனநாயகக் கட்சியாரிலேயே சிலர் அதற்கு மனம் ஒப்பாமல் முரண்டியதால், மாதக்கணக்கில் சீட்டுகளை மறுபடி மறுபடி எண்ணிய பிறகு, ஏப்ரல் 24-ஆம் தேதி, சட்டசபையின் 26-வது வாக்கெடுப்பில், ஒரே ஒரு வாக்கால் ஸம்னர் தேறினார். அடிமை முறையின் பரம விரோதியான அம்மகானை அளித்த அந்தப் பேரத்தை நிந்திக்க எனக்கு மனம் வரவில்லை.

மாஸசூஸெட்ஸ் 1855-இல் இவ்விதியைக் கைவிட்டது. வெர்மான்ட் இன்னும் விடவில்லை. அங்கே 2015 ஜனவரியிலும் பீட்டர் ஷம்லினைச் சட்டசபைதான் கவர்னராகத் தேர்ந்தெடுத்தது.