துப்பாக்கி இல்லாத பயிற்சி

கேள்வி: மழைக்காலத்தில் பிள்ளைகள் வரமுடிவதில்லை. எங்கள் துப்பாக்கி சுடுதல் கழகப் பயிற்சியை சூமில் நடத்தலாமா?
– ஓர் ஆசிரியர், கலகெதர

பதில்: தாராளமாக. துப்பாக்கி மட்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. அது கழகப் பெட்டகத்திலேயே பூட்டியிருக்கட்டும். 2020 ஏப்ரல் கொரோனா ஊரடங்கில் இந்தியாவின் முன்னாள் துப்பாக்கி சுடுதல் வீரர் ஷிமோன் ஷரீஃப் இணையவழிப் போட்டியே நடத்தினார். ஆனால் சுட்டவர்கள் வீட்டிலேயே மின்னணு இலக்கு வைத்திருந்த தேர்ந்த வீரர்கள். பிள்ளைகள் அதைக் காட்டிக் கெஞ்சினாலும் இடங்கொடாதீர்கள்.

10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். குண்டை அங்கே எட்டவைப்பது நிற்கும் நிலையும் மூச்சும். இரண்டையும் வெறுங்கையோடு பழகலாம். கைபேசியைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லித் திருத்துங்கள். குழல் எந்தத் திசையில், விரல் எப்போது விசையில் என்ற விதிகளை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். இன்னொன்று: எந்தப் பிள்ளையுடனும் தனி அழைப்பு வேண்டாம், பெற்றோர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.