ஊசிக்குப் பத்தியம் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டவர் மீன், முட்டை, கறி, கத்தரிக்காய் எதையும் தொடலாகாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். சென்ற ஆண்டு என் தம்பியை நாய் கடித்தபோது அப்பத்தா அச்சட்டத்தை உடனே அமல்படுத்திவிட்டார். வேளை தவறாமல் ரசமும் சோறும்தான்.

இந்த அச்சம் எப்படி வந்தது? முன்பு தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். ஆட்டின் மூளைத் திசுவில் தயாரித்த அம்மருந்து சிலருக்கு நரம்புக் கோளாறு உண்டாக்கியது உண்மை. பழி உணவின்மேல் விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். அம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இன்றைய மருந்து, செல் வளர்ப்பு முறையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையில் போடுகிறார்கள்.

நாம் உண்ணும் முட்டை இரைப்பையிலும் சிறுகுடலிலும் அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. முட்டையாகவே இரத்தத்தில் புகுந்து மருந்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. மருந்தைக் கண்டு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களோ புரதங்கள். புரதம் வேண்டிய வேளையில் புரதத்தை விலக்குவது என்ன நியாயம்?

பிற தடுப்பூசிகளுக்கும் இதுவே பொருந்தும். காய்ச்சல் கண்டால் கஞ்சி, மோர், இளநீர் என்று நீராகாரம் தரலாம். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. போலியோ சொட்டு மருந்துக்குப் பின்னும் உடனே பாலூட்டலாம். விலக்க வேண்டியது மது. (இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிலர் கத்தரிக்காயைத்தான் விலக்குவார்கள்!) முட்டை ஒவ்வாமை உள்ளவர் அதை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பு மருந்து கோழிமுட்டைக் கருவில் வளர்க்கப்படுவது.

தம்பியின் கதைக்கு வருகிறேன். மூன்று ஊசி முடிந்தது. நான்காவதற்கு இரு நாள் முன்பு குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. பையன் யாருக்கும் தெரியாமல் கறி தின்றுவிட்டான். "பத்தியம் முறிஞ்சு போச்சு, இனி ஊசி போட்டா விஷமாயிரும்" என்று அப்பத்தா தடுத்துவிட்டார். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது என்று படித்தவன் நான். அமினோ அமிலம் பற்றி அரைமணி நேரம் பேசியும் பயனில்லை. கடைசியில், "நீங்களே வந்து கேளுங்க அப்பத்தா" என்று அவரையும் அழைத்துப் போனேன்.

"எல்லாம் சாப்பிடலாம் பாட்டி, தேதி மட்டும் தவறக்கூடாது" என்றார் செவிலியர். அப்பத்தா இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு தம்பியின் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார்.