தூண்டில் ரீலுக்கு ஒரு சட்டம் செய்வோம்



சட்டம் என்றதும் நீதிமன்றத்தை நினைத்து அஞ்ச வேண்டா. படத்திற்குச் சட்டம் உண்டு. கதவிற்குச் சட்டம் உண்டு. மீன் பிடிக்கும் ரீலுக்கும் ஒரு சட்டம் உண்டு. அதை வீட்டுப் பட்டறையில் எவ்வாறு கடைந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரீல் இன்று நேற்றுப் பிறந்த கருவியன்று. சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ஓவியத்திலேயே, ரீல் பூட்டிய தூண்டிற்கோலுடன் ஒருவர் படகில் அமர்ந்திருக்கிறார். பற்சக்கரம் வைத்த ரீலை 1820-ஐ ஒட்டி அமெரிக்காவின் கென்டக்கியில் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர். அவர் கடிகாரத் தொழிலாளி. பெரிய ஆலையில் அன்று, சிறிய பட்டறை மேசையில்தான் அது உருவாயிற்று.

எங்கள் ஊர் அந்தமான். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல். ஒரு சிறு உதிரிப் பாகம் உடைந்தாலும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே, செய்யத் தெரிந்தவன் பிழைத்தான், தெரியாதவன் காத்திருந்தான்.

முதல் தோல்வி

என் சித்தப்பாவிற்காக நான் செய்த முதற்சட்டம் தோல்வியில் முடிந்தது. இரண்டு வளையங்களைத் தனித்தனியே கடைந்து, மூன்று தூண்களைத் திருகாணியால் பூட்டினேன். மேசைமேல் உருளை பம்பரம்போல் சுழன்றது. கடலில் ஒரு பெரிய பாரை மீன் இழுத்ததும் சட்டம் கோணிற்று. உருளையின் விளிம்பு வளையத்தில் உரசி இறுகிற்று. தங்கூசி நரம்பு அறுந்தது. சித்தப்பா கோபிக்கவில்லை. “தம்பி, மீன் போனால் போகட்டும். எதனால் போயிற்று என்று பார்” என்றார். அந்தக் கேள்விதான் எனக்குப் பாடமாயிற்று.

காரணம் இதுதான். சட்டத்தின் வேலை உருளையைத் தாங்குவது மட்டுமன்று. உருளையின் அச்சைத் தாங்கும் இரு பேரிங்குகளையும் எந்நிலையிலும் ஒரே நேர்க்கோட்டில் வைத்திருப்பது. நரம்பு உருளையின் ஓரத்திலிருந்து ஓடும்போது 10 கிலோ இழுப்பின் பெரும்பங்கு அப்பக்கப் பேரிங்கின்மேலேயே விழுகிறது. நான் தனித்தனியே துளைத்த வளையங்கள் தொடக்கத்திலேயே சிறிது விலகியிருந்தன. திருகாணி மூட்டுகள் மீதிக்கு இடங்கொடுத்தன.

செய்முறை

ஆதலால் இரண்டாம் முறை ஒரே கட்டியில் தொடங்கினேன். 6061 என்னும் அலுமினியக் கலவை. மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு கலந்தது. அதன் அடர்த்தி 2.7, எஃகினுடையது 7.85. எடை குறைவு, ஆனால் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்கே. அஞ்ச வேண்டா, ஒரு தூணின் தடிப்பை இருமடங்காக்கினால், அத்திசையில் அதன் விறைப்பு எட்டு மடங்காகும்.

90 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருண்டைக் கட்டி ஒரு கிலோவுக்குச் சற்று மிகும். அதில் முக்கால் பங்கிற்கு மேல் சீவலாகப் போய்விடும்.

முதலில் லேத்தில் இரு முகங்களையும் சமன் செய்து, நடுவே முழு நீளத்திற்கும் 73 மில்லிமீட்டர் துளையிடுக. பிறகு மில்லிங் எந்திரத்தில் பக்கங்களை வெட்டிச் சாளரங்கள் திறந்தால், இரு வளையங்களும் மூன்று தூண்களும் நிற்கும். கோலில் அமரும் பாதத்தைப் பூட்டக் கீழ்த்தூணை அகலமாக விடுக. இவ்வளவு உலோகத்தை நீக்கியதும் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து கட்டி சிறிது நெளியும். இதற்காகவே இறுதி அளவை முன்கூட்டி எடுக்கவில்லை. ஓரிரவு அப்படியே வைத்திடுக.

மறுநாள்தான் உயிரான வேலை. மூன்று தாடைச் சக்கில் இதைப் பிடித்தால் மெல்லிய வளையம் மும்முனையாக நசுங்கும். அந்நிலையில் வட்டமாகக் கடைந்த துளை, விடுவித்ததும் வட்டமாயிராது. எனவே, லேத்தின் முகத்தட்டில் சட்டத்தைப் படுக்க வைத்து, சாளரத்தின் வழியே கிளாம்புகளை நுழைத்து, அடி வளையத்தை மட்டும் தட்டோடு அழுத்துக. டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தபின், 73-ஐ 74 ஆக்கும்வரை இரு வளையங்களிலும் ஒரே ஓட்டமாக மெல்லிய வெட்டுகள் எடுக்க வேண்டும். உளி முனையில் அலுமினியம் ஒட்டாதிருக்கச் சிறிது மண்ணெண்ணெய் விடலாம். நடுவில் கிளாம்பைத் தளர்த்தலாகாது. ஒரே பிடிப்பு, ஒரே துளை. ஆகவே ஒரே அச்சு.

பேரிங் அமரும் பக்கத் தகடுகளுக்கும் இதே விதிதான். 608 எண் பேரிங்கின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். அதற்கான குழியையும், சட்டத்தின் துளைக்குள் நுழையும் விளிம்பையும் தகட்டை ஒருமுறை பிடித்த பிடிப்பிலேயே கடைந்துவிட வேண்டும்.

அளக்கும்போது பொறுமை தேவை. வெட்டிய சூட்டில் உலோகம் 10 பாகை மிகுந்திருந்தால், 74 மில்லிமீட்டர் துளை 0.017 மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும். ஆறவிட்டு அளந்திடுக.

உப்பை வெல்லுதல்

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக்காற்றும் உள்ள தீவில் வெற்று அலுமினியம் குழி விழும். அனோடைசிங் செய்தால் கடினமான ஆக்சைடு படலம் காக்கும். கந்தக அமிலமும் மின்சாரமும் வேண்டும் வேலை அது. பழகிய தொழிற்கூடத்திடமே ஒப்படைப்பது நன்று. ஆயினும் ஒரு கணக்கை மறவாதீர். படலத்தில் பாதி உலோகத்தின் உள்ளேயும் பாதி வெளியேயும் வளர்வதால், 20 மைக்ரான் படலத்திற்குத் துளையின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரான் குறையும். அதைக் கடையும்போதே கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாதத்தைப் பூட்டும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் பிறக்கிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. திருகாணிக்குக் கிரீஸ் தடவி, நைலான் வாஷர் இட்டு, கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவினால் இந்த இழப்பு பெரிதும் குறையும்.

இரண்டாம் சட்டம் இன்று சித்தப்பாவின் கோலில் இருக்கிறது. அறுந்த நரம்பை அவர் எறியவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நண்பர்களே, நம் கல்லூரிப் பட்டறையில் மதிப்பெண்ணுக்காகக் கடையும் துண்டு பிறகு எங்கோ மூலையில் கிடக்கிறது. அடுத்த முறை லேத்தின் முன் நிற்கையில், உங்கள் வீட்டார் கையாளும் ஒரு கருவியை எண்ணிக் கடைந்து பாருங்கள். அளவு அப்போதுதான் எண்ணாக இராமல் பொருளாகும்.