முறமும் தினசரிக் காலண்டரும் போதும்

குத்தம்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகும் அம்மாக்களை ஒரு கேள்வி துரத்தும்: "மூணு வயசாச்சே, இன்னும் எந்த ஸ்கூல்லயும் போடலையா?" எல்.கே.ஜி. ஃபீஸுக்குப் பணமில்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. கலங்காதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. மூன்று வயதில் வீட்டில் இருப்பது குற்றமில்லை.

முதலில், எதையும் வாங்காதீர்கள். படம் போட்ட அட்டையை ஓரமாக எறிந்துவிட்டு, அது வந்த டப்பாவோடு குழந்தை விளையாடாத வீடு உண்டா? 1996இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான பொறியாளர் இளங்கோ, மண்ணை அழுத்திச் செய்த கற்களால் சமத்துவபுரம் வீடுகளைக் கட்டவைத்தார். கைக்கெட்டியதை வைத்து வீடே கட்டிய ஊரில், எண் பழகப் பிளாஸ்டிக் மணிச்சட்டம் எதற்கு?

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் முறத்தை எடுங்கள். கொண்டைக்கடலை, மொச்சை, புளியங்கொட்டை மூன்றிலும் ஒவ்வொரு கைப்பிடி கலந்து கொட்டி, மூன்று கிண்ணங்களில் பிரிக்கச் சொல்லுங்கள். நிறமும் வடிவமும் கண்ணுக்குப் பிடிபடும், விரல் நுனி பழகும். நாளை பென்சில் பிடிக்கப் போவதும் அந்த விரல்கள்தான். அடுத்த வாரம் "எந்தக் கிண்ணத்துல நிறைய இருக்கு?" என்று கேளுங்கள். அது சலித்தால் பல்லாங்குழி. மூக்கிலும் காதிலும் எதையாவது போட்டுக்கொள்கிற பிள்ளையா? கொட்டைகளை எடுத்து வைத்துவிட்டுப் பெரிய டப்பா மூடிகளைக் கொடுங்கள். பக்கத்தை விட்டும் நகராதீர்கள்.

அடுத்து டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது. சிந்தும். துடைப்பதும் பாடத்தில் சேர்த்தி. மரியா மாண்டிசோரி 1907இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோமின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில். 1939இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, பித்தான் போடுவது என்று வீட்டு வேலைகளில்தான் அவர் முறை தொடங்குகிறது. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி வாங்கும் ஃபீஸைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

மளிகைக்கடையில் தந்த தினசரிக் காலண்டரைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். தினமும் தாள் கிழிப்பது அவர்கள் பொறுப்பு. முன்பக்கம் பெரிய எண், பின்பக்கம் வெறுமையாக இருந்தால் படம் வரைய இடம். கோலத்தில் நான்கு புள்ளிகளை அவர்களுக்கென்று விட்டுவையுங்கள். கோணலாகத்தான் வைப்பார்கள், திருத்தாதீர்கள். எழுதச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம்.

ஆயா இருக்கும் வீட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. இல்லாத வீட்டில், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போன் உங்கள் கையில் இருக்கட்டும், படிப்பதும் நீங்களாக இருங்கள்.

பகலுக்கு அங்கன்வாடி. "சோறு போடுற இடந்தானே" என்று ஒதுக்குவது பெரிய தவறு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் சாப்பாடு, எடை பார்ப்பது, முன்பருவக் கல்வி எல்லாம் அடக்கம், கட்டணம் கிடையாது. வீட்டுப் பாடத்தால் தர முடியாத ஒன்று அங்கே உண்டு: சண்டை போட்டுச் சேர்ந்துகொள்ள நாலு பிள்ளைகள். இந்த வாரம் என்ன பாட்டு என்று டீச்சரிடம் கேட்டு, வீட்டிலும் அதையே பாடுங்கள்.

கம்பெனியிலும் ஒன்று கேட்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்ற விதியை 2017இல் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எச்.ஆரிடம் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் பாடம் வேண்டாம், தூங்குங்கள். சாயங்காலம் துணி மடிக்கும்போது அப்பா சட்டை ஒரு பக்கம், ஆயா புடவை ஒரு பக்கம் என்று பிள்ளை பிரித்து வைத்தால் அந்த வாரத்துக்கு அது போதும்.