நல்லெண்ணெய் பெட்டியில்… இன்சுலின் கையில்! வெளிநாடு பறக்கும் முன் ஒரு நிமிடம்

மகளின் பிரசவத்துக்காக ஒரு அம்மா சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பையில் அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். "மருந்தும் திரவம்தானே, கையில் விடமாட்டாங்க" என்று நினைத்து, தன் இன்சுலினை மட்டும் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டார்.

இரண்டுமே தவறு. எண்ணெயும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையில் நின்றுபோகும். இன்சுலின் விஷயம் அதைவிட மோசம். பெட்டி வந்து சேரத் தாமதமானால் ஊசிக்கு என்ன செய்வது? விமானத்தின் சரக்குப் பகுதியில் குளிர் அதிகமாகி உறைந்துவிட்டால், அந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

ஏன் இந்த விதி?

2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் முறியடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பல நாடுகளில் 100 மில்லி கட்டுப்பாடு வந்தது.

விதி என்ன சொல்கிறது?

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லி அல்லது அதற்குக் குறைவான கொள்ளளவு உள்ளதாக இருக்க வேண்டும். அவை எல்லாம் 1 லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய ஒரே ஜிப் கவருக்குள் அடங்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியணும். ஒருவருக்கு ஒரு கவர்தான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். 200 மில்லி ஷாம்பூ பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருந்தாலும் அனுமதி இல்லை. பார்ப்பது பாட்டிலின் அளவை, உள்ளே இருப்பதை அல்ல.

தண்ணீர், எண்ணெய் மட்டுமல்ல. பற்பசை, கிரீம், ஜெல், சென்ட், தயிர், ஜாம் போன்றவையும் இந்தக் கணக்கில் வரும்.

எதற்கு விலக்கு?

பயணத்துக்குத் தேவையான மருந்து, கைக்குழந்தைக்கான பால், உணவு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றைத் தனியாக எடுத்து, கேட்பதற்கு முன்பே பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டுங்கள். டாக்டர் சீட்டைக் கையில் வைத்திருங்கள். அதன் போட்டோ உங்கள் போனிலும் இருக்கட்டும்.

வழியில் விமானம் மாறுகிறீர்களா?

டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் திரவத்தை முத்திரையிட்ட பையில் ரசீதோடு தருவார்கள். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். நடுவில் இன்னொரு சோதனை இருந்தால், பிரித்த பை நிறுத்தப்படலாம்.

கிளம்பும் முன் சரிபாருங்கள்

• எண்ணெய், ஊறுகாய், பெரிய ஷாம்பூ: கசியாமல் கட்டி செக்-இன் பெட்டியில். போகும் நாட்டின் சுங்கத்துறை எந்த உணவுப் பொருளை அனுமதிக்கிறது என்பதையும் பாருங்கள்.
• இன்சுலின், அன்றாட மருந்து, குழந்தைக்கான பால்: கைப்பையில்.
• தண்ணீர் பாட்டில்: காலியாக. சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.
• உள்நாட்டுப் பயணத்துக்கு நடைமுறை வேறு. திரும்பி வரும் ஊரிலும் விதி மாறலாம். விமான நிறுவனத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோதனையில் விட்டுவந்த எண்ணெயை அங்கே போய் வாங்கிக்கலாம். மருந்து அப்படி இல்லை. அதனால் முதலில் மருந்தைக் கைப்பையில் வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.