காளான் படுக்கைக்குச் சாயத் துணிக் கழிவு கூடாது

அருள்புரம், பல்லடம் வட்டாரத்தில் காளான் வளர்க்க முன்வருவோர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். காளானில் புற்றுநோயைத் தீர்க்கும் சத்து உண்டா? வைக்கோலுக்குப் பதிலாக, மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்டில் படுக்கை போடலாமா? இரண்டுக்கும் விடை காளானின் செல் சுவரில் இருக்கிறது.

காளான் ஒரு பூசணம். அதன் செல் சுவரில் 'பீட்டா குளுக்கான்' என்ற கூட்டுச் சர்க்கரையும் கைட்டினும் உள்ளன. பீட்டா குளுக்கானைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆனால் இரத்த வெள்ளணுக்கள் அதைப் பூசணத்தின் அடையாளமாகக் கண்டு விழித்துக்கொள்கின்றன. ஜப்பானில் ஷிட்டாகே காளானிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1969-ல் அறிவிக்கப்பட்ட 'லென்டினான்', 1980-களில் அங்கு வயிற்றுப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அனுமதி பெற்றது. அது மற்ற மருந்துகளுடன் சேர்த்து ஊசி மூலம் செலுத்தப்பட்ட சுத்தமான பொருள். குழம்பில் போட்ட காளான் அன்று. நம் சிப்பிக் காளானிலும் இதே இனச் சர்க்கரை உண்டு. நல்ல உணவு என்று சொல்லி விற்கலாம். புற்றுநோய் தீரும் என்று காளான் பொடிப் பொட்டலத்தில் அச்சிட்டு விற்பது நோயாளியை ஏமாற்றும் வேலை.

இனி, பனியன் வேஸ்ட். பஞ்சு காளானுக்கு ஆகாத பொருள் அன்று. ஹாங்காங்கில் 1970-களிலேயே பஞ்சாலைக் கழிவில் வைக்கோல் காளான் வளர்த்தனர். ஆனால் சாயமேற்றிய துணி வேறு. காளானின் செல் சுவர் சாயத்தையும் கன உலோகங்களையும் பற்றி இழுக்கும் தன்மை உடையது. இந்தக் குணத்தால்தான் சாயக் கழிவுநீரின் நிறத்தை அகற்றப் பூசணங்களைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. கழிவுநீருக்கு நன்மை, உண்ணும் காளானுக்குக் கேடு. மேலும், பனியன் துணியில் கலந்துள்ள பாலியெஸ்டர் இழையைக் காளானால் உண்ணவும் முடியாது.

எனவே வைக்கோலே சிறந்தது. அதை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் ஊற வைத்து, ஒரு மணி நேரம் வேக வைத்து உலர்த்த வேண்டும். கையில் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஈரம் மட்டும் தெரிய வேண்டும். பஞ்சு சேர்க்க விரும்பினால் நூற்பாலையின் வெள்ளைக் கழிவு மட்டுமே போதும்.

நம் பகுதி வெப்பத்துக்கு ஏற்றது பால் காளான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.பி.கே. 2 இரகம் 1998-ல் வெளியிடப்பட்டது. 30 முதல் 35 டிகிரி செல்சியஸில் நன்கு வளரும். இதற்குப் படுக்கையின் மேல் மண் பரப்ப வேண்டும். அந்த மண்ணும் தெளிக்கும் நீரும் சாயநீர் பாய்ந்த நிலத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் மண், நீர்ப் பரிசோதனை செய்துகொள்ளவும். பரிசோதனைச் செலவு பெரிதன்று. உப்பு நீரால் முழுப் படுக்கையும் வீணானால் அதுதான் பெரிது.

வீட்டுப் பெண்கள் கேட்பதற்காக ஒன்று: காளானை வேக வைத்தால் பீட்டா குளுக்கான் அழிந்துவிடாது. ஆய்வுக்கூடத்தில் வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் அதைப் பிரிக்கிறார்கள். ஆகவே வேக வைத்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாம்.